நேரிலோ பிறர் மூலமாகவோ

எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். மத்திய அரசின் அறிவிக்கையாக இருந்தாலும் சரி, நெசவாளர் சங்கத்து நோட்டீஸாக இருந்தாலும் சரி. "முன்னாடி பெரிய எழுத்துல இருக்கிறது பேப்பர்காரங்களுக்கு பாய். பின்னாடி பொடி எழுத்துல இருக்கிறதுதான் நமக்கு" என்பார்.

பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பும் முனையில் எங்கள் இருவர் கடையும் ஒட்டியபடி இருந்தன. என்னுடையது ரப்பர் ஸ்டாம்பும் பில்புக்கும் செய்துகொடுக்கும் கடை. அவருடையது ஜெராக்ஸ் கடை. நடுவில் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். டெல்லியில் எந்த விதி மாறினாலும், பசை தடவிக்கொண்டே நான் காதில் வாங்கிவிடுவேன்.

அரசு கெஜட் எதையும் தவறாமல் படிப்பதால் ஊர் அவரைக் கெஜட்டக்கா என்றது. நான் வெறுமனே அக்கா என்பேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான். ஆனால் அவர் ஒரு தாளைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது வேறு எப்படியும் கூப்பிட வாய் வராது.

அவர் பிறந்தது நெசவுக் குடும்பம். அண்ணன்கள் தறியில் உட்கார, இவர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனார். அங்கே ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே போவார். படிப்பவர் ஒரு வரியைத் தாண்டினால் விரல் நின்றுவிடும். அச்சகத்தை மூடியபோது கடன் வாங்கி ஒரு ஜெராக்ஸ் மிஷினைப் போட்டு உட்கார்ந்தார். நகல் எடுக்க வந்தவர்கள் "இதுல இன்னாக்கா போட்டிருக்குது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரும் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

ஒருநாள் காலை நான் கடை திறக்கும்போதே அவர் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். முன்னால் நின்ற நெசவாளர் செல்போனை நீட்டினார்.

"இன்னியோட நம்ம நெசவாளர் கார்டெல்லாம் செல்லாதாம்கா. கைரேகை வெக்கலன்னா பேரையே எடுத்துடுவாங்களாம்."

"யார் சொன்னது?"

"வாட்ஸப்புல வந்துச்சு."

"நம்பர் இருக்குதா? தேதி இருக்குதா? யார் கையெழுத்து?"

அவர் செல்போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். "கையெழுத்து இல்லக்கா. கும்பிடுற படம் ஒண்ணு இருக்குது."

அக்கா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தேடி உண்மையான சுற்றறிக்கையைப் பிடித்து, அதற்குப் பிறகு திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்றும் பார்த்து, அச்சடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "புதுசா கார்டு கேக்கிறவங்க கைரேகை வெக்கணும்னு போட்டிருக்குது. உங்ககிட்ட கார்டு இருக்குதில்ல? அப்போ இது உங்களுக்கு இல்ல. போய் தறியில உக்காருங்க."

"அப்போ நம்மளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?"

"இந்தத் தாள்ல ஒண்ணும் ஆவாது."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஆறுதலுக்காகக்கூடச் சொல்லமாட்டார். தாளில் இல்லாததை அவர் வாயிலிருந்து வரவழைக்க முயன்று தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் அழுதே விட்டாள். "பயப்படாதன்னு ஒரு வார்த்தை சொல்லேன்கா." அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

அவரே தப்பாகச் சொன்னது ஒருமுறை நடந்தது. ஐயம்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு, உதவித்தொகை விண்ணப்பத்தோடு இந்தச் சான்று அல்லது அந்தச் சான்று ஒன்று இருந்தால் போதும் என்று படித்துச் சொல்லி அனுப்பினார். நான்கு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. முந்தைய அறிவிக்கையின் மூன்றாம் பத்தியில் 'அல்லது' என்பதற்குப் பதிலாக 'மற்றும்' எனப் படிக்கவும். அவ்வளவுதான் திருத்தம். ஒரே சொல்.

நல்ல மழை. கடையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். பெரியவரின் வீட்டை மூன்று தெருவில் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். திரும்பி வந்தபோது புடவை முழங்கால் வரை சேறு.

"நாளைக்குப் போயிருக்கலாமேக்கா. மாத்துனது சர்க்கார்தானே, நீங்களா?"

"அவருகிட்ட சொன்னது என் வாய்தானே பாய்."

பெரியவர் இன்னொரு சான்றுக்கு அலைந்து வாங்கி இணைத்தார். அவருக்கு உதவித்தொகை வந்ததா என்று எனக்குத் தெரியாது. பெரியவர் தப்பான சொல்லை நம்பியிருந்த அந்த நான்கு நாட்களை மட்டும் அக்கா பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கணவர் இருந்தார். இருந்தார் என்று எழுதுவது சரிதானா என்பதுதான் பிறகு வந்த சிக்கலே.

சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் விடிவதற்குள் கிளம்பிப் போவார், விளக்கு வைத்த பிறகு வருவார். அமைதியான மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் ஓரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். எனக்கு ஒரு வணக்கம், அதற்கு மேல் பேச்சில்லை. அவர்களுக்கு ஒரே பெண். அது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போனவர் அலுவலகம் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை.

போலீசில் புகார் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள். அக்காவின் அண்ணன்கள் திருவண்ணாமலை, திருப்பதி என்று ஒரு மாதம் சுற்றினார்கள். கடைசியில் போலீசார், கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அலுவலகம் சம்பளத்தை நிறுத்தியது. ஆள் செத்திருந்தால் ஒரு விதி, ராஜினாமா செய்திருந்தால் ஒரு விதி. எதுவுமே தெரியாவிட்டால் ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். படிவங்களில் 'கணவர்' என்ற கட்டம் வரும்போது அக்காவின் பேனா நின்றுவிடும். காலமானவர் என்று போட முடியாது. உடன் வசிப்பவர் என்றும் போட முடியாது.

அவர் ஏன் எந்தத் திருத்தத்தையும் விடாமல் படித்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊருக்காகப் படித்தார், நிஜம். அதோடு தன் கதைக்குப் பொருந்தும் ஒரு வரி எங்காவது அகப்படாதா என்றும் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வருடம் அகப்பட்டது. அன்றைக்குத் தடுப்பைத் தட்டினார். நான் எழுந்து போனேன். ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"காணாமப் போன ஊழியரோட குடும்பம் இனிமே ஏழு வருஷம் காத்திருக்க வேணாம் பாய். போலீஸ் சர்டிபிகேட் இருந்தா போதும். வாரிசுக்குக் கருணை அடிப்படையில வேலை கேக்கலாம். ரெண்டு தடவை படிச்சிட்டேன்."

பெண் அப்போது கல்லூரி கடைசி வருடம். நகலெடுக்கும் மிஷின் பக்கத்தில் நின்றவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கடையில் நான் பார்த்த ஒரே கொண்டாட்டம் அதுதான். விண்ணப்பம் போனது. அலுவலகத்திலிருந்து பதிலும் வந்தது. பரிசீலனையில் உள்ளது, மேற்கொண்டு தேவைப்படும் ஆவணங்கள் தெரிவிக்கப்படும். பெண் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தாள். அப்பா உட்கார்ந்த அலுவலகம் எத்தனையாவது மாடி என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள்.

பிறகு அதற்கும் ஒரு திருத்தம் வந்தது.

விண்ணப்பதாரர் பிரமாணப் பத்திரம் ஒன்று இணைக்க வேண்டும். காணாமல் போன நாள் முதல் இன்று வரை, மேற்படி நபரைப் பற்றி நேரிலோ பிறர் மூலமாகவோ தனக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை என்று அதில் உறுதி சொல்ல வேண்டும். குடும்பத்தை நன்கு அறிந்த இருவரும் அவ்வாறே சாட்சிக் கையெழுத்திட வேண்டும்.

"இது ஒண்ணும் கஷ்டம் இல்ல பாய். உள்ளதத்தான் எழுதப் போறோம்" என்றார். ஒரு சாட்சி அவருடைய பெரிய அண்ணன். இன்னொரு சாட்சி நான். எல்லோரும் வெள்ளிக்கிழமை நோட்டரி வக்கீலிடம் போவதாக முடிவானது.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை நான் வாலாஜாபாத் போனேன். ஓர் அரிசி ஆலைக்குப் பில்புக் கட்டு கொடுக்க வேண்டியிருந்தது. லாரிகளை எடை போடும் இடத்தில் சின்னதாக ஓர் அறை. உள்ளே ஒருவர் லாரி நம்பர்களைக் குறித்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி. கட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவரும் நிமிர்ந்தார்.

அக்காவின் கணவர்.

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. "அங்க வெச்சிடுங்க பாய்" என்றார், யாரோ ஒரு பாயிடம் சொல்வதுபோல. கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"பாய். நீங்க என்னைப் பார்க்கல."

கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தலையாட்டியது நானா என்று தோன்றியது.

அடுத்த மூன்று நாளும் நான் கடைக்குள் இருந்தேன் என்பதைவிட அகப்பட்டுக் கிடந்தேன் என்பதுதான் சரி. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல். யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னால் அவர் கையெழுத்துப் போட முடியாது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பெண்ணுக்கு வேலை இல்லை. சொல்லாவிட்டால் நான் பொய்ச் சாட்சி. அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு எட்டு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து லாரி எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை எந்த வாயால் சொல்வது? என் மனைவியிடமும் சொல்லவில்லை. ஜும்மா தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. மௌனமாக இருந்துவிடலாம், அதுதான் அந்தப் பெண்ணுக்கு நல்லது என்று முடிவு செய்துகொண்டு பள்ளிவாசலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தேன்.

அக்கா தாளைத் தயாராக வைத்திருந்தார். பெண் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். பெரிய அண்ணன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டரி ஆபீசில் காத்திருந்தார்.

"படிச்சிட்டுப் போடுங்க பாய்."

"நீங்க எழுதுனதுதானேக்கா. கொடுங்க, போட்டுடறேன்."

"படிக்காம யாரும் என் கடையில கையெழுத்துப் போட்டதில்ல. சத்தமா படிங்க."

படித்தேன். என் பெயர், என் முகவரி, இந்தக் குடும்பத்தை எத்தனை காலமாக அறிவேன் என்பது, காணாமல் போன நாள். அதுவரை சரியாகப் போனது. பிறகு என் கண் தானாகவே ஒரு வரியைத் தாண்டி, 'இதன் உண்மைத்தன்மைக்கு' என்று அடுத்த வரியில் போய் விழுந்தது.

"நடுவுல ஒரு வரி விட்டுட்டீங்க."

"எங்கேக்கா?"

அவர் விரல் அந்த வரியின் மேல் இருந்தது. நான் மறுபடி படித்தேன். நேரிலோ. அதற்கு மேல் படிக்கவில்லை. இருமினேன். தண்ணீர் கேட்டேன். அவர் தண்ணீர் எடுக்க எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்.

"எங்க பார்த்தீங்க பாய்?"

நான் பேசுவதற்குள் அந்தப் பெண் குறுக்கே வந்துவிட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டிருந்தது. "மாமா ஒண்ணும் பார்க்கலம்மா. மாமா, நீங்க போடுங்க. படிச்சாச்சு இல்ல, போடுங்க மாமா." பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவில் செருகினாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நீ சும்மா இரு" என்றார் அக்கா. என்னிடம், "உசிரோட இருக்காரா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்காருக்கா."

பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியைக் கேட்டு ஒரு பிள்ளை அப்படி உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சந்தோஷப்பட நினைத்து, முடியாமல், அதற்காக வெட்கப்பட்டு, கடைசியில் கோபம் மட்டும் மிஞ்சிய முகம்.

"எனக்கும் உனக்கும் தெரியாத மாதிரி இருந்தா போதும்மா. யாருக்கு நஷ்டம்? அவரே வேணாம்னுதானே போனாரு?"

"தெரிஞ்சிக்கினு எப்படிடி தெரியாதுன்னு எழுதுறது?"

"ஊர்ல எல்லாரும் எழுதலையா?"

அக்கா தாளை எடுத்து நான்காக மடித்தார். கிழிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு, இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நானும் அவரும் வாலாஜாபாத் பஸ்ஸில் போனோம். பெண் வர மறுத்துவிட்டாள். வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். ஆலை கேட்டில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போகப் போனவர், என்ன நினைத்தாரோ, "நீங்களும் வாங்க பாய். நான் தப்பா கேட்டுக்கக் கூடாது" என்றார்.

அந்த மனிதர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். அக்கா முதலில் கேட்டது, "சாப்பாடு எங்க?"

"மெஸ்ஸுல."

"மாத்திரை?"

"வாங்கிக்கிறேன்."

ஒரு லாரி வந்து எடை மேடையில் நின்றது. அவர் நம்பரைக் குறித்துக்கொண்டார். அது போன பிறகு, கேட்காமலேயே சொன்னார். "அன்னிக்கு பஸ்ஸுல உக்காந்திருந்தேன். ஆபீஸ் ஸ்டாப்பு வந்துச்சு. இறங்கக் கால் வரல. சரி, அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பிடலாம்னு பார்த்தேன். அங்கேயும் வரல. இருபத்திரண்டு வருஷம் அதே நாற்காலி. யாரும் என்னைத் திட்டல, நீ ஒரு குறையும் வெக்கல. மூச்சுதான் முட்டிக்கினே இருந்துச்சு."

"திரும்பி வர்றீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முடியலம்மா."

அக்கா அந்த வேலை விஷயத்தைச் சொன்னார். அறிவிக்கை, பிறகு திருத்தம், பிரமாணப் பத்திரம், எல்லாவற்றையும் கடையில் வருகிறவர்களுக்குச் சொல்வதுபோலவே, எதையும் கூட்டாமல் குறைக்காமல். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு பெண்ணுக்குத் தன்னால் செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது என்ற வெளிச்சம்.

"அப்போ எழுதிக் கொடுத்துடு. நான் செத்தவனாவே இருந்துக்கிறேன். யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன். பாயும் சொல்ல மாட்டாரு. என் பொண்ணுக்கு வேலை கிடைக்கட்டும்."

"நீங்க சொன்னத நான் காதால கேட்டுட்டேனே."

"கேக்கலன்னு வெச்சுக்கோ."

"எப்படிங்க வெச்சுக்கிறது?" அக்காவின் குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது. "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வெச்சுக்கத் தெரியலியே எனக்கு."

திரும்பும் வழியில் பஸ் ரயில்வே கேட்டில் வெகுநேரம் நின்றது. அவர் அழவில்லை. என் மேல் கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அலுவலகத்துக்கு எழுதினார். காரணம் என்ற இடத்தில், கணவர் உயிருடன் இருப்பதை அறிந்தேன் என்று எழுதினார். அலுவலகம் விடவில்லை. அப்படியானால் அவருடைய முகவரியைத் தெரிவிக்கவும், அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியுள்ளது என்று பதில் வந்தது. பெண் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இப்போ சந்தோஷமா?" என்று கேட்டதோடு சரி. டைப்பிங் வகுப்பை நிறுத்தினாள். அந்த வாரமே ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். மாதம் ஒருமுறை வருவாள். அம்மாவிடம் பேசமாட்டாள். துணியைத் துவைத்துக் காயப்போட்டு எடுத்துக்கொண்டு போவாள்.

முகவரியை எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று அக்கா ஐந்து நாள் தவித்தார். கடைக்கு வந்த ஒருவர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் அவர் நீட்டிய படிவத்தையே பார்த்தார். ஆறாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டிருக்காங்க. தெரியாதுன்னு எழுத முடியாது. நாளைக்குத் தபால்ல போட்டுடுவேன். ஆனா அவருக்குத் தெரியாம போடுறதும் தப்பு. நீங்க போய் சொல்லிட்டு வர்றீங்களா?"

போனேன். அவர் எடை அறையில்தான் இருந்தார். சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட் வரை கூட வந்து பேசிவிட்டு உள்ளே போனார். மறுநாள் அக்கா தபாலில் போட்டார். அலுவலகத்திலிருந்து ஆள் போனபோது ஆலையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பழைய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் வந்துபோன அன்றே பெட்டியைத் தூக்கிவிட்டாராம்.

ஆக, அந்த மனிதர் இரண்டாவது முறையாகக் காணாமல் போனார். பழைய போலீஸ் சர்டிபிகேட் செல்லாது. ஆள் கிடைத்துவிட்டதாக அக்காவே எழுதிக் கொடுத்திருக்கிறாரே. ஏழு வருடம் என்ற கணக்கும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா எல்லா விதிகளையும் எடுத்து வைத்து, ஒரு வாரம் படித்துப் பார்த்துவிட்டு, இதற்குப் புதிதாகப் புகார் கொடுப்பது ஒன்றுதான் வழி என்றார். அதற்கும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார்.

ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொள்ளும் ரைட்டர் பழைய ஆள். அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய மச்சானுக்கு ஒருமுறை அக்கா ஏதோ படிவம் விளக்கியிருக்கிறார்.

"யாரும்மா காணோம்?"

"வூட்டுக்காரர் சார்."

"அவர் முன்னாடியே காணாமப் போயிட்டாரே?"

"அவரேதான் சார். நடுவுல கிடைச்சாரு."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா நடந்ததைத் தேதி வாரியாகச் சொன்னார். அவர் பெருமூச்சோடு ஒரு புதுத் தாளை எடுத்தார். வயது, உயரம், நிறம். தாடி உண்டா என்று கேட்டபோது, "முன்ன இல்ல, இப்போ உண்டு" என்றார் அக்கா.

"கடைசியா பார்த்தது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். "நான்தான் சார்" என்றேன். என் பெயரை எழுதினார். அந்தக் குடும்பத்தின் கோப்பில் என் பெயர் ஏறியது அப்படித்தான்.

"கடைசியா இன்னா பேசுனாரு? எங்கேயாவது போறதா சொன்னாரா?"

"போறதா சொல்லல சார்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அதுவரை அக்காவிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் வலிக்கும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அவர் பக்கம் திரும்பாமல், ரைட்டரின் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கேட் வரைக்கும் கூட வந்தாரு. பொண்ணு வேலைக்குப் போயிட்டத சொன்னேன், எந்த கம்பெனின்னு கேட்டாரு. பெண்பிள்ளைங்கள வேலை முடிஞ்சு பஸ்ஸுல இட்டுக்கினு வந்து விடுறாங்களான்னு கேட்டாரு. விடுறாங்கன்னேன். சரின்னாரு. அவ்ளோதான்."

ரைட்டர் தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "இது புகாருக்கு வேணாம்" என்று அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

"அதையும் எழுதிக்குங்க சார்" என்றார் அக்கா.

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல இடம் இருக்குது. எழுதுங்க."

ரைட்டர் தாளைப் பக்கவாட்டில் திருப்பினார். பொடி எழுத்தில், ஓரத்தில், மெதுவாக எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும் வரை அக்கா அந்தப் பேனா முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.